வெயிலுகந்தம்மாள் காட்டுக்கு நான் வரைந்த இரண்டு படங்கள்

சாட்சியின் பெயர்: கல்யாணசுந்தரி, வயது 31, த/பெ தங்கப்பாண்டியன், கோவில்பட்டி. தொழில்: கணினி மையம். நாள்: 17.02.2009. விசாரித்தவர்: உதவி ஆய்வாளர் திரு. பத்திரகாளி. சாட்சி சொல்லச் சொல்ல எழுதியவர்: நிலைய எழுத்தர் திரு. சோலைராஜ்.

நான் மேற்படி ஊரில் என் தகப்பனாருடன் குடியிருந்து வருகிறேன். என் தகப்பனார் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும் அச்சகம் வைத்திருக்கிறார். அச்சகத்தின் மாடியில் நான் கணினி மையம் நடத்தி வருகிறேன். எம்.எஸ்சி. இயற்பியல் படித்திருக்கிறேன். லேபிள்களுக்குப் படம் வடிவமைத்துக் கொடுப்பதும், கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் கொடுப்பதும் என் வேலை. எனக்குத் திருமணம் ஆகவில்லை. அது இந்த வழக்குக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம் என்றாலும் எழுத்தர் கேட்டதால் சொல்கிறேன்.

லிங்கராஜ் என்பவர் என்னிடம் கணினி படித்தவர். அவருக்குச் சொந்த ஊர் பசுவந்தனைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தற்போது மண் பரிசோதனைத் திட்டம் ஒன்றில் தற்காலிகமாகக் கள உதவியாளர் வேலை பார்க்கிறார். இவ்வழக்கில் புகார் கொடுத்த வெயிலுகந்தம்மாள் அவருடைய தாயார். தகப்பனார் காலமாகிவிட்டார். வெயிலுகந்தம்மாளின் மானாவாரி மிளகாய்க் காட்டுக்கு மேற்கே வண்டிப்பாதையும், கிழக்கே அவருடைய கொழுந்தனார் சாமித்துரையின் காடும் உள்ளன. இரண்டு காட்டுக்கும் நடுவில் உள்ள எல்லைப் பொழியில் வளர்ந்து நின்ற வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போடும் உரிமை யாருக்கு என்று போன வருடம் இரு வீட்டாருக்கும் சண்டை வந்ததாகவும், அந்தச் சண்டையில் சாமித்துரை தன் அண்ணன் மனைவியைப் பார்த்து, ஊரார் கேட்க, "ஒங்க காட்டுல இனிமே உப்புதான் வெளையும்" என்று சொன்னதாகவும், அதிலிருந்து இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்றும் லிங்கராஜ் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சண்டையை நான் நேரில் பார்த்ததில்லை.

இந்த வருடம் கார்த்திகைக்குப் பிறகு மழை இல்லை. மிளகாய்ச் செடி எல்லாக் காட்டிலும் வாடியது, ஆனால் வெயிலுகந்தம்மாள் காட்டில் மற்றவர் காட்டுக்கு முந்தியே கருகியது. பொங்கலுக்கு முன்னாலேயே செடியைப் பிடுங்கி அடுப்புக்கு அடுக்கிவிட்டார்கள். பிடுங்கிய பிறகு பார்த்தால் கரிசல் மண்ணில் அங்கங்கே வெள்ளை பூத்திருந்தது. அதன் பிறகு லிங்கராஜ், தன் அலுவலகத்தில் கேட்டு, மண்ணின் உப்பை அளக்கும் கையடக்கக் கருவியை வாங்கிப் போய், காட்டை வரிசை வரிசையாகப் பிரித்து ஒவ்வோர் இடத்திலும் அளந்து, அளவுகளை எடுத்த வரிசைப்படியே கணினியில் ஏற்றி, பென் டிரைவில் என்னிடம் கொண்டுவந்தார். எண்ணாகப் பார்த்தால் தன் தாயாருக்குப் புரியாது, படமாக வேண்டும் என்று கேட்டார்.

இந்த இடத்தில் எழுத்தர் எண்ணிலிருந்து படம் எப்படி வரும் என்று கேட்டதால் விளக்குகிறேன். எண்களைக் கட்டம் கட்டமாக, வரிசையும் பத்தியுமாக அடுக்கி வைத்தால் அதற்கு மேட்ரிக்ஸ் என்று பெயர். பைத்தான் என்ற கணினி மொழியில், படம் வரைவதற்கென்றே மேட்பிளாட்லிப் என்ற தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. மேட்ரிக்ஸை அதனிடம் கொடுத்து ஒரு வரிக் கட்டளை போட்டால், ஒவ்வொரு எண்ணும் ஒரு வண்ணக் கட்டமாக மாறிவிடும். இருப்பதில் சின்ன எண்ணுக்கு நீலம், கூடக் கூடப் பச்சை, மஞ்சள், இருப்பதிலேயே பெரிய எண்ணுக்குச் சிவப்பு. காட்டை வானத்தில் இருந்து பார்த்தது போல் இருக்கும். கணினிக்குக் காடும் தெரியாது, மிளகாயும் தெரியாது. எந்த எண்ணை எந்தக் கட்டத்தில் வைக்கிறோமோ அந்தக் கட்டத்துக்கு வர்ணம் அடிக்கும், அவ்வளவுதான்.

லிங்கராஜ் கொடுத்த எண்களை நான் நோட்டில் எழுதுவது போல அடுக்கினேன். அதாவது ஒவ்வொரு வரிசையையும் இடதுபுறம், மேற்கில், தொடங்கி வலதுபுறம், கிழக்கில், முடித்தேன். படம் கரடுமுரடாக வந்தது. லேபிள் தொழிலில் வளர்ந்தவளுக்குக் கரடுமுரடு பிடிக்காது. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களைக் கலந்து மெழுகிக் காட்டும் வசதி ஒன்று அதில் உண்டு, அதைப் போட்டேன். படம் பட்டுப்போல் ஆகிவிட்டது. மேற்கு ஓரத்தில் ஒரு சிவப்பு, கிழக்கு ஓரத்தில் ஒரு சிவப்பு, நடுவில் நீலம். அச்சகத்து வண்ண பிரிண்டரில் அடித்துக் கொடுத்தேன். படத்தில் என் பெயர் போடவில்லை.

அதன் பிறகு ஒரு நாள் வெயிலுகந்தம்மாள் மகனுடன் என் மையத்துக்கு வந்தார். அதுவரை நான் அவரைப் பார்த்ததில்லை. படத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு, "செவப்பா இருக்குத எடமெல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தமா தாயி?" என்று சந்தோஷமாகக் கேட்டார். சிவப்புதான் உப்பு என்று லிங்கராஜ் சொன்னார். "மொளகாப் பழத்து நெறத்தப் போயி உப்புக்குக் குடுத்திருக்கியளே" என்று அந்த அம்மாள் என்னைக் குறைப்பட்டுக்கொண்டார். நான் சிரித்தேன். அதற்குள் அவர் விரல் கிழக்கு ஓரத்துச் சிவப்பில் போய் நின்றுவிட்டது. "இது அவரு பொழிப் பக்கம்லா. சொன்னபடி செஞ்சிட்டாரே" என்றார். மேற்கிலும் சிவப்பு இருக்கிறதே என்று லிங்கராஜ் கேட்டதற்கு, ஒரு பக்கம் போட்டவருக்கு மறு பக்கம் போட எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டார். நானும் மறுத்து ஒன்றும் பேசவில்லை. படத்தில் அப்படித்தான் இருந்தது.

அதன் பிறகு அவர் இந்த நிலையத்தில் புகார் கொடுத்ததும், படத்தைப் புகாரோடு சேர்த்ததும், நேற்று முன்தினம் சாமித்துரையை விசாரணைக்கு அழைத்து வந்ததும், அவர் எந்தக் கேள்விக்கும் பதில் பேசாமல் இருந்ததும், பேசாததையே ஒப்புக்கொண்டதாக ஊரார் எடுத்துக்கொண்டதும் எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. நேற்றுக் காலை லிங்கராஜ் தொலைபேசியில் பேசி, சித்தப்பாவை நாளை நடுவர் முன் நிறுத்தி ரிமாண்ட் செய்யப் போகிறார்கள், அதற்குப் படம் பெரிதாக ஒரு பிரதி வேண்டும் என்று நிலையத்தில் கேட்கிறார்கள் என்று சொன்னார். அவர் குரல் நன்றாக இல்லை. புகார் கொடுத்தது தாயார், பிடிபட்டது சித்தப்பா, நடுவில் அவர் என்ன செய்வார்.

பெரிய பிரதி எடுப்பதற்காகப் படத்தைத் திரும்பத் திறந்தேன். பெரிதாக்கினால் மெழுகிய இடமெல்லாம் சாயம் கரைந்தது போல அசிங்கமாக இருந்ததால், மெழுகுவதை எடுத்துவிட்டுக் கட்டத்தைக் கட்டமாகவே காட்டச் சொன்னேன். அப்போதுதான் பார்த்தேன். மேற்கு ஓரத்தில் ஒரு வரிசை சிவப்பு, அதற்கு அடுத்த வரிசை நீலம், அதற்கடுத்தது மறுபடி சிவப்பு. கிழக்கு ஓரத்தில் இதற்கு நேர் எதிர்: மேற்கே நீலமாக இருக்கும் வரிசை கிழக்கே சிவப்பு. இரண்டு ஓரத்திலும் சீப்பின் பல் போல நின்றது. உப்பு மண்ணில் பரவும், கசியும், ஓடும். வரிசை விட்டு வரிசை வேலிக்கால் நட்டது போல நிற்காது. மனிதன் தூவினாலும் அப்படித் தூவ முடியாது.

உடனே லிங்கராஜுக்குப் போன் செய்து, எந்த முனையில் தொடங்கி எப்படி நடந்து அளந்தாய் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்: "எப்படி நடப்பாவ? உழுத மாதிரிதான் நடந்தேங்க்கா. பாதைலேர்ந்து ஆரம்பிச்சு பொழி வரைக்கும் போனேன், அங்கன திரும்பி அடுத்த சால்ல வந்தேன். வெறுமனே நடந்து வந்து மறுபடி பாதைலேர்ந்து ஆரம்பிக்கதுக்கு நான் என்ன கோட்டியா?"

அவர் சொன்னது நியாயம்தான். ஏர் பிடித்தவர் யாரும் முனைக்குப் போய்ச் சும்மா திரும்பி வரமாட்டார்கள். நான் பேனா பிடித்தவள், எனக்கு எந்த வரியும் இடது பக்கம்தான் தொடங்கும். அவர் நடந்ததைச் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. இருவருக்கும் தங்கள் வழக்கம்தான் உலக வழக்கம் என்ற நினைப்பு. ஆகவே அவர் கிழக்கிலிருந்து திரும்பி வந்த வரிசைகள் எல்லாம் என் படத்தில் தலைகீழாகிவிட்டன. பாதைப் பக்கத்து மண், ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, சாமித்துரை பொழிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அதை நான் மெழுகி வேறு கொடுத்தேன்.

அதன் பிறகு ஒன்றுவிட்டு ஒரு வரிசையை இடவலமாகத் திருப்பச் சொல்லி ஒரு கட்டளை எழுதிப் படத்தை மறுபடி வரைந்தேன். கிழக்கு ஓரத்தில் சிவப்பு என்பதே இல்லை. மேற்கே, வண்டிப்பாதையை ஒட்டிய ஓர் இடத்தில் மட்டும் அடர்ந்த சிவப்பாகவும், அங்கிருந்து முறம் விரிந்தாற்போல் உள்ளே போகப் போக மஞ்சளாகவும் பச்சையாகவும் ஆகி, காட்டின் பாதிக்கு முன்பே நீலத்தில் முடிந்துவிட்டது. பிரதி எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் இங்கே வந்தேன்.

நான் வந்தபோது சாமித்துரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் பக்கத்தில் இருந்தது. உதவி ஆய்வாளர் இரண்டு படத்தையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "நேத்து ஒண்ணு காட்டுச்சு, இன்னைக்கு ஒண்ணு காட்டுது. நாளைக்கு என்னம்மா காட்டும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான். முதல் படத்தைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டீர்களே, அதை அன்றைக்கே கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சொன்னேன். வரிசை எப்படித் தலைகீழானது என்று எழுத்தருக்கு விளங்கவில்லை. பரமபத அட்டையில் காய் எப்படிப் போகும் என்று அவரிடம் கேட்டேன். பத்தில் முடிந்தால் பதினொன்று அதற்கு நேர் மேலே இருக்கும், அங்கிருந்து திரும்பிப் போகும் என்றார். அந்த அட்டையில் பதினொன்றைத் தூக்கி ஒன்றுக்கு மேலே வைத்தால் பாம்பும் ஏணியும் என்ன ஆகும் என்று கேட்டேன். "எல்லாம் எடம் மாறிப்போகும்லா" என்றவர், சட்டென்று எழுந்து நின்று முதல் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

படத்தை நம்பி ஒருவரைப் பிடித்தோம், மறுபடியும் படத்தை நம்பியே விட முடியாது, மண்ணை அளந்து பார்ப்போம் என்று உதவி ஆய்வாளர் முடிவு செய்தார். அது சரி என்று நானும் சொன்னேன். இன்று காலை லிங்கராஜும் காவலர் ஒருவரும் நானும் காட்டுக்குப் போனோம். வெயிலுகந்தம்மாளும் பாதையில் வந்து நின்றார். பொழி ஓரத்தில் பல இடங்களில் அளந்ததில் ஊரில் எந்தக் காட்டிலும் இருக்கக்கூடிய சாதாரண அளவுதான் இருந்தது. பாதை ஓரத்தில் கருவியை வைத்தவுடன் எண் ஏறியது. காவலர் அதைக் குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு எல்லோரும் நிலையத்துக்கு வந்தோம். உதவி ஆய்வாளர் இரண்டாவது படத்தை மேசையில் விரித்து வைத்து, பொழிப் பக்கம் உப்பு இல்லை, பாதைப் பக்கம் யாரம்மா உப்புப் போட்டிருப்பார்கள், உங்களுக்கு வேறு யார் மேலாவது சந்தேகம் உண்டா என்று வெயிலுகந்தம்மாளிடம் கேட்டார். அவர் படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு சிவப்பு அடர்ந்து தொடங்கும் இடத்தில் விரலை வைத்து, "இங்கனதான லாரி நின்னுச்சு" என்றார்.

எந்த லாரி என்று லிங்கராஜ் கேட்டார். அந்த அம்மாள் மகனைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தே சொன்னார். மார்கழியில் பூவெல்லாம் உதிர்ந்துகொண்டிருந்ததாகவும், ஊர் முழுக்கக் கண்மாய் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் ரோட்டில் போன தண்ணீர் லாரியை மறித்துக் கூட்டிவந்து, குழாயைப் பிடித்துக் கைக்கு எட்டிய மட்டும் பாய்ச்சியதாகவும் சொன்னார். "மானாவாரிச் செடிக்கு வெலைத் தண்ணி விட்டவன்னு ஊரு சிரிக்கும்னு ஒருத்தருட்டயும் சொல்லல. இவங்கிட்டயும் சொல்லல. பச்சப்பிள்ளைக்குப் பாலு ஊத்துத மாதிரி வேருக்கு வேரு ஊத்துனேன்." பிறகு நிமிர்ந்து, "அப்ப நாந்தானா தாயி?" என்று என்னிடம் கேட்டார்.

தண்ணீர் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று தெரியாமல் எப்படிச் சொல்வது என்று ஏதோ சமாளித்தேன். அப்போது வராந்தா பெஞ்சிலிருந்து சாமித்துரை, நிலையத்துக்கு வந்த பிறகு முதன்முதலாக, வாய் திறந்தார். "உப்புத் தண்ணிதான். அது செங்கச்சூளைக்குத் தண்ணி அடிக்குத லாரி. ஆடு மேச்சிக்கிட்டு நின்னேன், பாத்தேன்" என்றார்.

தெரிந்தே ஏன் இரண்டு நாளாக வாயைத் திறக்கவில்லை என்று உதவி ஆய்வாளர் சத்தம் போட்டார். அதற்கு அவர், "லாரி வந்தன்னைக்கே தொறக்கலயே சார். பேச்சுவார்த்தை இல்லன்னு வீம்புக்கு நின்னுட்டேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் தொறக்க?" என்று சொல்லிவிட்டு, அழுதார். எனக்கு அவர் மேல் கோபமாகத்தான் வந்தது. செய்யாத குற்றத்துக்கு ஜெயிலுக்குப் போகவும் தயாராக இருந்திருக்கிறார், அண்ணன் மனைவியிடம் 'அந்தத் தண்ணி வேண்டாம் மயினி' என்று ஒரு வார்த்தை சொல்ல மட்டும் தயாராக இல்லை. பார்த்துக்கொண்டு சும்மா நின்றதற்குச் சட்டத்தில் ஏதாவது பிரிவு உண்டா என்று உதவி ஆய்வாளரிடம் கேட்டேன். அதற்கெல்லாம் பிரிவு கிடையாது என்றார்.

அதன் பிறகு புகாரைத் திரும்பப் பெறுவதாக வெயிலுகந்தம்மாள் சொன்னதை எழுத்தர் எழுதத் தொடங்கினார். லாரி விஷயம் வந்ததும் பேனாவை நிறுத்தி, உப்பு எப்படி வந்தது என்று தெரியவில்லை என்று போட்டாலே போதும், லாரியை எழுத வேண்டுமா என்று கேட்டார். "வேண்டாம்யா. மயினி பேரு கெட்டுரும்" என்று சாமித்துரை பெஞ்சிலிருந்து எழுந்து வந்து கும்பிட்டார். வெயிலுகந்தம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. எழுத்தரைப் பார்த்து, "எழுதுங்கய்யா. லாரி, தண்ணி, எல்லாத்தையும் எழுதுங்க. எழுதலன்னா நாளைக்கும் ஊருல இவியதான் போட்டாவன்னு சொல்லுவாவ. சிரிக்கட்டும்" என்றார். எழுத்தர் எழுதினார். அந்த அம்மாள் கைரேகை வைத்தார். முதல் படத்தில் கொழுந்தனார் பொழியைக் காட்டிய அதே கைதான்.

அதன் பிறகு சாமித்துரையை அனுப்பிவிட்டார்கள். வெயிலுகந்தம்மாளும் லிங்கராஜும் சாமித்துரையும் பசுவந்தனை பஸ்ஸில் ஏறியதை இந்த ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலம் வெயிலுகந்தம்மாள் கையில் இருந்தது. பஸ்ஸில் பேசிக்கொண்டு போனார்களா என்பது எனக்குத் தெரியாது. கண்ணால் பார்த்தது வரைக்கும்தான் நான் சாட்சி.

இரண்டு படங்களையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். முதல் படத்தைக் கிழித்துவிடலாமே என்று எழுத்தர் கேட்டார். வேண்டாம் என்றேன். அதன் மேல் 'இது பொய், வரைந்தது நான்' என்று எழுதியிருக்கிறேன். இரண்டாவதில் 'மண்ணை அளந்து சரிபார்த்தது' என்று எழுதியிருக்கிறேன். விசாரணையில் சாட்சி சொல்பவர் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, அது சட்டத்திலேயே இல்லை என்று எழுத்தர் சொன்னார். போன முறை பெயர் போடாமல் கொடுத்ததால்தான் ஒரு மனிதர் இரண்டு நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், ஆகவே போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்று சொன்னேன். உதவி ஆய்வாளர் பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

எழுத்தர் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடிதான் இருக்கிறது, சொன்னதெல்லாம் நடந்தது.

(ஒப்பம்)
த. கல்யாணசுந்தரி